தாப்பிரின் முதுகும் என் பெயரும்

காலை பத்து மணியிலிருந்து அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

முதுகு என்று சொல்வது பத்திரிகை மரியாதைக்காக. உண்மையில் அது பின்பக்கம். சலவை வேட்டியைச் சுருட்டி வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு பின்பக்கம். அதற்குக் கீழே கறுப்பாக இரண்டு கால்கள். வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்ன முளை. முகம் முழுக்கப் புதருக்குள் இருந்தது.

தைப்பிங் மிருகக்காட்சிசாலை. பினாங்கிலிருந்து பெர்ரிப் படகு ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, மடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் பையில் பென்சிலும் நோட்டுமாக வந்து இறங்கியவளுக்குத் தாப்பிர் என்கிற அந்தக் காட்டு மிருகம் கொடுத்த வரவேற்பு இது.

“ஏய், இந்தப் பக்கம் திரும்பேன்!” என்று தமிழில் அதட்டினேன். மலாயில் கெஞ்சினேன். கூண்டைப் பெருக்க வந்த மலாய்க்காரத் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“டியா மாலு, காக்,” என்றார். அதற்கு வெட்கமாம், அக்கா.

“வெட்கப்படுற ஜென்மம் இப்படியா நிக்கும்?” என்றேன். அவருக்குத் தமிழ் புரியாதது நல்லதாய்ப் போயிற்று.

போன வாரம் கதையைக் கல்யாணப் பந்தலில் விட்டுவிட்டேன், மாப்பிள்ளை என்ன ஆனார் என்று கேட்டு இரண்டு வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். மாப்பிள்ளை சௌக்கியம். இதோ பக்கத்தில் உட்கார்ந்து, நான் அவரைப் பற்றி என்ன எழுதுகிறேன் என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும். இந்த வாரம் அவர் கதையும்தான்.

மாடு ஆடான கதை

எங்கள் கடை பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. பெயர் ‘ராஜு ஆர்ட்ஸ்’. ராஜு என் வீட்டுக்காரர். கடைப் பலகை, லாரிக் கதவு, கல்யாண பேனர், எது கேட்டாலும் செய்து கொடுப்போம். எழுத்து அவர் கை. படம் என் கை. இந்த இரண்டாவது சங்கதி கடைக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

எல்லாம் ஒரு மாட்டில் தொடங்கியது. நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்த புதிது. பால்காரர் ஒருவர் மாட்டுப் படத்தோடு பலகை கேட்டார். இவர் மூன்று நாள் மல்லுக்கட்டி ஒன்றைப் போட்டார்.

பால்காரர் வந்து பார்த்தார். “என்னண்ணே, நான் ஆட்டுப் பாலா விக்கிறேன்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இவர் கோபித்துக்கொண்டு சாப்பிடப் போனார். அந்த நேரத்தில் நான் பிரஷ்ஷை எடுத்து, கொம்பை வளைத்து, திமிலை ஏற்றி, மடியைக் கொஞ்சம் தொங்கவிட்டேன். திரும்பி வந்தவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெருவை எட்டிப் பார்த்தார்.

“உஷ்,” என்றார். “பொம்பள போட்டதுன்னு தெரிஞ்சா பேரம் பேசுவானுங்க.”

அந்த ‘உஷ்’ இருபது வருஷம் நீண்டுவிட்டது.

தடுப்புப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து கோழி போட்டேன், மயில் போட்டேன், மீன் போட்டேன். சுங்கை பினாங்கில் நின்ற ஒரு லாரிக் கதவில் நான் போட்ட புலியைப் பார்த்து அந்தத் தெரு நாய் மூன்று நாள் விடாமல் குரைத்தது. “புலி போடுறதுல ராஜுவ அடிச்சிக்க ஆளில்ல லா!” என்று ஊரே இவர் தோளைத் தட்டியது. இவர் தலையைக் குனிந்து சிரிப்பார். சிரிக்கும்போது மட்டும் என் பக்கம் பார்க்க மாட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பலகை முடிந்ததும் வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத வேண்டும். அடுத்த வேலையைக் கூட்டிக்கொண்டு வருவது அந்த மூலைதான். “மூலையில பேரில்லாத போர்டு தாலியில்லாத கல்யாணம்” என்பார் இவர். கடைசியாகப் பிரஷ்ஷைக் கீழே வைப்பவள் நான் என்பதால் அந்த மூலையும் என் வேலையாகிவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை ‘ராஜு ஆர்ட்ஸ்’ என்று எழுதியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

என் பெயர் மங்கையர்க்கரசி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் பினாங்கில் இல்லை. எல்லாருக்கும் நான் ‘ராஜு வீட்டம்மா’. “எழுத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற தொழில். நம்ம வீட்டுல இம்மாம் நீளப் பேரா, கட்டுப்படியாகாது” என்று தாலி கட்டிய அன்றைக்கே கேலி செய்தவர் இவர். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பன்றி பிடிக்கப் போய்

ஒரு நாள் லிம் என்ற சீனப் பெண் கடைக்கு வந்தாள். காட்டு விலங்குகளைக் காப்பதற்கென்று இருந்த ஒரு சங்கத்தின் செயலாளர். வருஷாவருஷம் ஓவியப் போட்டி வைப்பார்கள். ஜெயித்த படத்தைத் தபால்தலை மாதிரி அச்சடித்து விற்று, வருகிற பணத்தைக் காட்டுக்காகச் செலவிடுவார்கள். கடிதத்தில் அசல் தபால்தலைக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டிக்கொள்ளலாம். அந்த வருஷத்து விலங்கு தாப்பிர். அவளுக்கு ஒரு பேனரும், போட்டி விதிகள் எழுதிய பலகை ஒன்றும் வேண்டியிருந்தன.

விதிகளை இவர் எழுதினார். இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து எழுதுகிறவர்கள் எழுதுவதைப் படிப்பதில்லை. எழுத்து நேராக நிற்கிறதா, இடைவெளி சமமாக இருக்கிறதா, அவ்வளவுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு சுவரில் ‘இங்கு நோட்டீஸ் ஒட்டக் கூடாது’ என்று அழகாக எழுதி முடித்துவிட்டு, அதற்கு மேலேயே எங்கள் கடை நோட்டீஸை ஒட்டிவிட்டு வந்தவர் இவர்.

பேனரின் ஓரத்தில் தாப்பிர் போடுவது என் பங்கு. நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. “யானை மாதிரி மூக்காம், பன்னி மாதிரி உடம்பாம்” என்று இவர் யாரிடமோ கேட்டுவந்து சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குப் பன்றி பிடிக்கப் போய்ப் பிள்ளையாரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

லிம் பார்த்தாள். “அலாமாக்!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “மிஸ்டர் ராஜு, நீங்க தாப்பிர் பார்த்ததே இல்லையா?” என்று அவளுக்குத் தெரிந்த மலாய், ஆங்கிலம், அரைகுறைத் தமிழ் மூன்றையும் கலந்து கேட்டுச் சிரித்தாள். இவரும் சேர்ந்து சிரித்தார்.

தடுப்புக்குப் பின்னால் எனக்குக் காது சுட்டது. புலிக்குக் கிடைத்த பாராட்டுத்தான் அவருக்குப் போனதென்றால், தாப்பிருக்குக் கிடைத்த அவமானமும் அவருக்கே போயிற்று. எனக்கென்று ஒரு திட்டுகூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

“நான் போய்த் தாப்பிரப் பாக்கப் போறேன். போட்டியிலயும் சேரப் போறேன். என் பேருல,” என்றேன்.

இவர் தலையைச் சொறிந்தார். “சேரேன். ஆனா ஃபார்ம்ல ராஜுன்னே போட்டுடேன். சுருக்கமா இருக்கும்.”

நான் பார்த்த பார்வையில் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். ஒரே ஒரு படத்தின் கீழாவது என் பெயர் வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

குடைக்குக் கீழே சிவஞானம் ஐயா

தைப்பிங்கில் தாப்பிர் முன்னால் நான் தனியாக இல்லை. எனக்கு முன்பே ஒருவர் மடக்கு நாற்காலி போட்டு, கறுப்புக் குடையை விரித்து, மடியில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். சிவஞானம் ஐயா. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அரசாங்கத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முந்திய இரண்டு வருஷமும் பரிசு வாங்கியது அவர்தான். ஓர் இறகில் எத்தனை இழை இருக்கிறதென்று எண்ணிப் போடுகிற கை.

அவர் வீட்டு கேட் பலகை எங்கள் கடையில் செய்தது. அதனால் என்னைத் தெரியும்.

“என்ன பிள்ளை, ராஜு பார்த்துக்கொண்டு வரச் சொன்னவரோ?”

“இல்லங்கய்யா. நானே வந்தேன்.”

“நீரோ கீறப் போறீர்?” படம் வரைவதை அவர்கள் கீறுவது என்பார்கள்.

தாப்பிர் மேல் இருந்த எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது. “இருவது வருசமா நான்தாங்கய்யா கீறுறேன். எழுத்து மட்டுந்தான் அவரு.”

ஐயா பென்சிலைக் கீழே வைத்தார். “அப்ப எங்கட கேற்றில இருக்கிற கிளி?”

“நான்தான்.”

“நல்ல கிளி.” பென்சிலைத் திரும்பக் கையில் எடுத்தார். “சொண்டு மட்டும் கொஞ்சம் நீளம்.”

அலகைத்தான் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷத்தில் எனக்கு நேராக வந்த முதல் விமர்சனம் அது. அப்புறம்தான் உளறிவிட்டது உறைத்தது. “ஐயா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவரு தொழில் கெட்டுடும்.”

“சொல்லமாட்டன். ரகசியத்தைக் காக்கத்தானே முப்பது வருசம் சம்பளம் வாங்கினனான்,” என்றார்.

மத்தியானம் தாண்டியும் உட்கார்ந்திருந்தோம். என் நாசி லெமாக்கில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். அவர் ரொட்டியில் பாதி எனக்கு வந்தது. தாப்பிர் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையவில்லை. மூன்று மணிக்கு மழை பிடித்தது. அப்போது ஒரே ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. காதின் நுனியில் வெள்ளையாக ஒரு விளிம்பு. நாங்கள் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது கள்ளப்பயல்.

“இனி உது திரும்பாது,” என்று ஐயா பெட்டியை மூடினார். “முகத்தைப் புத்தகத்தில பார்த்துக் கீற வேண்டியதுதான். நீர்?”

“பாக்காத மூஞ்சிய ஒரு தடவ போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேங்கய்யா. பாத்ததத்தான் போடப் போறேன்.”

“பின்பக்கத்தையோ?” என்றார் ஐயா. குடையைத் தன் படத்துக்குப் பிடித்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே சிரித்தார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

போட்டேன். கறுப்புக் காட்டுக்குள் நடந்து போகிற தாப்பிர். பின்னாலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி. வெள்ளையாக அந்தப் பெரிய வளைவு, கறுப்பாகக் கால்கள், திரும்பின ஒரு காது, காலடியில் புல். நிறம் மொத்தமே நாலு.

பலகை போடுகிறவர்கள் எதையும் கிட்டே வைத்து நம்புவதில்லை. கடை வாசலில் சாத்திவிட்டு, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்போம். அங்கிருந்து தெரிவதுதான் படம். மற்றதெல்லாம் வீண் பெயின்ட். தாப்பிரையும் அப்படித்தான் பார்த்தேன்.

எதிர்ப்பக்கம் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த காதர் பாய் குழம்புக் கரண்டியோடு வெளியே வந்தார். “ராஜு அண்ணே, அது என்ன, கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு?” என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார்.

கோபித்துக்கொண்டு போவது அங்கிருந்தே தெரிகிறதல்லவா? எனக்கு அது போதும். இவருக்குத்தான் பயம். “ஏன்டி, ஒரு மிருகத்தோட பின்னாடிக்கு எவன்டி பரிசு குடுப்பான்?”

கடைசி நாள். படம் வாங்குகிற மேசையை மூட இன்னும் கால் மணி நேரம்தான். இவர் வாசலில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசிப் புல்லைப் போட்டேன். எப்போதும் போல எல்லாம் முடித்தேன். பிரவுன் தாளில் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் இவர் பின்னால் ஏறினேன். ஃபார்மில் மட்டும் நிதானமாக என் முழுப் பெயரை எழுதி, அவர்கள் கொடுத்த உறையில் போட்டு ஒட்டினேன்.

விதி ஏழு

தீர்ப்பு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். போட்டியாளர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். பேனரைக் கட்ட வந்த இவரும் இருந்தார். சங்கத்துக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த காதர் பாயும் இருந்தார்.

தலைமை நடுவர் தாடி வைத்த ஒரு மலாய் ஓவியர். படங்களை மேடையில் வரிசையாக வைக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு தபால்தலையை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தார். பிடித்தபடியே பின்னால் நடந்தார். மேடையிலிருக்கும் படம் கையிலிருக்கும் தபால்தலை அளவுக்குத் தெரிகிற இடம் வந்ததும் நின்றார்.

“இங்கிருந்துதான் பார்ப்போம்,” என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மனுஷன் ரோட்டைத் தாண்டி நிற்கிறார்!

அங்கிருந்து பார்த்தபோது சிவஞானம் ஐயாவின் தாப்பிர், ஒவ்வொரு மயிராகப் போட்ட தாப்பிர், சாம்பல் நிற மூட்டையாகிவிட்டது. பக்கத்தில் பச்சையும் பழுப்புமாகப் பல படங்கள். நடுவில் என்னுடையது மட்டும் வெள்ளைப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“போகிறது,” என்றார் தாடிக்காரர் மெதுவாக. “நம்மை விட்டுப் போகிறது.” மற்ற நடுவர்கள் தலையாட்டி, கைத்திறனுக்காக ஐயாவின் படத்தை இரண்டாவதாகக் குறித்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது எனக்குக் காட்டியதே அந்தப் பக்கம் மட்டும்தான் என்பதை நான் சொல்லவில்லை.

உறையைப் பிரிப்பதற்கு முன்னால் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். குனிந்தார்கள். லிம்மின் முகம் மாறியது.

வலது கீழ் மூலை. புல்லுக்கடியில் கரும்பச்சையில், பொடி எழுத்தில், ‘ராஜு ஆர்ட்ஸ்’. பக்கத்தில் தொலைபேசி எண்.

அடக் கையே! என் பெயருக்காகவே ஊர்விட்டு ஊர் போய் மழையில் நனைந்து போட்ட படத்தில், என் கை அதுபாட்டுக்குப் புருஷன் பெயரை எழுதிவைத்திருக்கிறது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

லிம் விதிப் பலகையைக் காட்டினாள். விதி ஏழு. ஓவியரின் பெயர் படத்தின் மேல் இருக்கக் கூடாது. அதை எழுதிய கைக்குச் சொந்தக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து முதல் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“என்சிக் ராஜு,” என்றார் தாடிக்காரர் மரியாதையும் வருத்தமுமாக. “உங்கள் படமா?”

மண்டபம் முழுக்க இவரைத் திரும்பிப் பார்த்தது. ஆமாம் என்றால் படம் போட்டியிலிருந்து போய்விடும். இல்லை என்றால் இருபது வருஷத்துப் புலியும் கோழியும் மயிலும் இவரை விட்டுப் போய்விடும். நானே எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர் வாயால் வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். சிவஞானம் ஐயா எழுந்து நின்றார். என் படம் தள்ளுபடியானால் பரிசு அவருக்குத்தான். அது அவருக்கும் தெரியும்.

“விதியைச் சரியாய் வாசிக்க வேணும்,” என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு, இவரைப் பார்த்துத் தமிழில் கேட்டார். “ஓவியரின்ர பேர் இருக்கக் கூடாது எண்டுதான் விதி. அதில இருக்கிறது உம்மட பேர். தம்பி ராஜு, படம் கீறினது ஆர்? நான் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். நீர் சொல்லும்.”

இவர் எழுந்தார். என்னைப் பார்த்தார்.

“நான் போட்டதில்லைங்க,” என்றார். “நான் மாடு போட்டா ஆடு மாதிரி இருக்கும். படம் போடுறது எப்பவுமே இவதான்.”

காதர் பாய் சாப்பாட்டுப் பாத்திரத்தை அப்படியே வைத்தார். “அப்ப நம்ம கடைக் கோழி?”

“அதுவும் இவதான்.”

“ஆடு?”

“இவதான் பாய்.”

“மீன் தலை?”

“யோவ், எல்லாமே இவதான்யா!” என்று இவர் கத்தினார். மண்டபமே சிரித்தது. நான் மட்டும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தாடிக்காரருக்கு லிம் மொழிபெயர்த்தாள். அவர் பலகையைப் படித்தார், படத்தைப் பார்த்தார், உறையைப் பிரித்தார். என் பெயரை மூன்று தடவை தப்பாகப் படித்தார். ஓவியரின் பெயர் படத்தில் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். இருபது வருஷமாக எங்கேயும் இல்லாத பெயர் அன்றைக்கு இல்லாததால் ஜெயித்தது.

அச்சுக்குப் போகுமுன் மூலையை மறைக்கச் சொன்னார்கள். அங்கேயே பிரஷ் வாங்கி இவர் பெயர் மேல் நாலு புல் போட்டேன்.

“என்மேல புல்லு முளைக்க வச்சிட்டியேடி,” என்றார் இவர்.

சிவஞானம் ஐயாவுக்கு இரண்டாம் பரிசு. கை கொடுத்து, “கிளியின்ர சொண்டை ஒருக்கா வந்து திருத்திவிடும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். மறு வாரமே போய்த் திருத்திக் கொடுத்தேன்.

ஏணி

தபால்தலை அச்சாகி வந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஓரத்தில் என் பெயர், மலாய்க்காரர்கள் ரூமி என்கிற ஆங்கில எழுத்தில் பதினாலும், எறும்பு வரிசை மாதிரி.

இவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தொழில் புத்தி போகுமா? “எழுத்து சரியில்ல. எல்லாம் நெருக்கியடிச்சி நிக்குது. நான் எழுதியிருந்தா அம்சமா இருந்திருக்கும்.”

“இருவது வருசமா எழுதலியே,” என்றேன்.

சண்டைக்காகச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். இவர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை கடைப் பலகை வெள்ளையடித்துக் கிடந்தது. மத்தியானத்துக்குள் எழுதி, காயவைத்து, மேலே மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். வாசலில் நின்று பார்த்தேன். பிறகு ரோட்டைத் தாண்டி, காதர் பாய் கடை வாசலில் போய் நின்று பார்த்தேன்.

‘மங்கையர்க்கரசி - ராஜு ஆர்ட்ஸ்’. என் பெயர் பலகையை அடைத்துக்கொண்டு நின்றது. இடம் பற்றாமல் தன் பெயரைப் பாதி அளவு எழுத்தாகச் சுருக்கியிருந்தார். வலது கீழ் மூலையை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

“மூலையில நீ போடு,” என்று பிரஷ்ஷை நீட்டினார். “உன் பேரு.”

இருபது வருஷத்தில் முதல் முறையாகத் தெருப் பக்கம் ஏணியில் ஏறினேன். காதர் பாய், அவர் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். பிரஷ்ஷை வைத்தேன். கை ஓடியது. ‘ராஜு ஆ’ என்று எழுதிவிட்டது.

“அடியேய்!” என்று கீழேயிருந்து கத்தினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு இப்போது நினைவில்லை. அவர் இரண்டு படி ஏறி வந்து, இடுப்பிலிருந்த துணியால் தன் பெயரைத் தானே துடைத்தார். மறுபடி கீழே இறங்கினார்.

“இப்ப எழுது. அவசரமில்ல.”

என் பெயர் நீளம். முடிகிற வரைக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.